எவருக்குத் தெரியும்? – ‘திருமண நடனம்’ கதையை மாணவரோடு வாசித்தல்

1

பிறமொழி இலக்கியங்கள் நம்மிடம் வந்துசேர்ந்த வழிகளைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். ருஷ்யக் கதைகள் மொஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் மலிவு விலைப் புத்தகங்களாக வந்தன. பலஸ்தீனக் கவிதைகளை எம்.ஏ. நுஃமான் தமிழாக்கி 1981இல் நூலாகத் தந்தார். ஆபிரிக்க, இலத்தீன் அமெரிக்கப் புனைகதைகள் சிறுசஞ்சிகைகளின் ஊடாக வந்தன. ஆனால் வங்காள விரிகுடாவுக்கு அப்பால் கிழக்கே கிடக்கும் நாடுகளின் கதைகள் நம்மிடம் அருந்தலாகவே வந்திருக்கின்றன. பிலிப்பைன்ஸ் என்றதும் மிந்தனாவோ முஸ்லிம்களின் போராட்டமும், வளைகுடா நாட்டு வீடுகளில் நமது பெண்களோடு ஒரே குசினியில் நின்று வேலைபார்த்த பணிப்பெண்களுமே நமக்கு ஞாபகம் வருகின்றனர். அந்தப் பெண்களின் நாட்டில் ஏறத்தாழ நூறாண்டு காலச் சிறுகதை மரபொன்று ஆங்கிலத்திலேயே உண்டு என்பது நமது வாசகரிற் பலர் அறியாதது.

அந்த மரபு தோன்றிய விதம் வியப்புக்குரியது. ஸ்பெயினிடமிருந்து 1898இல் பிலிப்பைன்ஸைக் கைப்பற்றிய அமெரிக்கா, 1901இல் ‘தோமஸ்’ என்ற கப்பலில் சுமார் ஐந்நூறு ஆசிரியர்களை ஏற்றி அனுப்பியது. துவக்கோடு வந்த ஆட்சிக்குப் பின்னால் பாடப்புத்தகம் வந்தது. இருபத்துநான்கே ஆண்டுகளில், 1925இல், பாஸ் மார்க்கேஸ் பெனிட்டெஸ் என்ற பெண்மணி ‘செத்துப்போன நட்சத்திரங்கள்’ என்ற கதையை எழுதினார். பிலிப்பைன்ஸ் ஆங்கிலச் சிறுகதை முதிர்ச்சி பெற்றமைக்கு அதனையே அடையாளமாகக் காட்டுவர். அடுத்து வந்தவர்கள் ஹோசே கார்சியா வில்லா, மனுவேல் அர்கியா, நிக் ஹோக்கின் முதலானோர். இந்த வரிசையில் அதிகம் பேசப்படாத, ஆனால் பிலிப்பைன்ஸ் மாணவர்கள் ஏதாவது ஒரு வகுப்பில் படித்தேயிருக்கக்கூடிய ஒரு பெயர் அமடோர் டாகியோ. அவரது ‘திருமண நடனம்’ என்ற கதையையே சில ஆண்டுகளாக இலக்கிய மாணவர்களுக்கு எனது தமிழாக்கத்திற் கற்பித்து வருகிறேன். மாணவர் என்று சொன்னாலும் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். அவர்களிலும் பெரும்பாலோர் கிழக்கிலங்கை முஸ்லிம் குடும்பங்களைச் சேர்ந்தோர். இந்தக் கதை அவர்களிடம் எப்படி வாசிக்கப்படுகிறது, எவ்வாறு வாசிக்கப்பட வேண்டும் என்பது பற்றிய சில அவதானங்களே இக்கட்டுரை.

2

கதை எளிமையானது. இடம், வட லூசோன் மலைநாட்டிலுள்ள ஒரு கலிங்கா கிராமம். (நமது ‘கலிங்கத்துக்கும்’ இந்தப் பெயருக்கும் எந்தச் சம்பந்தமுமில்லை; அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது.) அவியாவ் என்பவனும் லும்னாய் என்பவளும் கணவன் மனைவியர். ஏழு அறுவடைகள் கழிந்தும் பிள்ளையில்லை. எழுதாத சட்டமொன்றின்படி அவன் அவளைப் பிரிந்து மதுலிமாய் என்ற இன்னொருத்தியை மணமுடிக்கிறான். அந்தக் கல்யாண இரவில், ஊரே கூடி கங்சா என்னும் தட்டையான வெண்கலச் சேகண்டிகளை அடித்து ஆடிக்கொண்டிருக்கையில், மாப்பிள்ளை பழைய மனைவியின் வீட்டுக்கு வருகிறான். ஆடுவோர் மத்தியில் அவளைக் காணவில்லை என்பதற்காக வருகிறான். அவளையும் வந்து ஆடும்படி கேட்கிறான்.

கதையின் பெரும்பகுதி இந்த இருவரின் உரையாடலே. அவன் இருட்டைப் பார்த்துத்தான் முதலிற் பேசுகிறான். பிறகு அடுப்பின் தணலைக் கிளறி நெருப்பை மூட்டுகிறான். அப்போதுதான் மூலையில் ஒடுங்கியிருக்கும் அவள் முகம் தெரிகிறது. தான் கட்டிய வீட்டை அவளுக்கே தருவதாகச் சொல்கிறான், வேண்டாம் என்கிறாள். முதலாண்டில் மலையை வெட்டி உண்டாக்கிய வயலைத் தருவதாகச் சொல்கிறான், அதுவும் வேண்டாம் என்கிறாள். அவள் கேட்பது ஒன்றே ஒன்று: அவன் பாட்டியின் வழியாக வந்த பாசிமணிகள். இருபது வயல்களுக்குச் சமமான அந்த மணிகளைப் பெட்டியிலிருந்து எடுத்து அவனே அவள் கழுத்திற் கட்டிவிட்டுப் போகிறான்.

அவன் போன பிறகு அவளுக்கு ஆவேசம் வருகிறது. இது நியாயமில்லை என்று கத்துகிறாள். ஊர்ப் பெரியவர்களிடம் போய், இந்த எழுதாத சட்டத்துக்கு எதிராக முறையிடும் முதற்பெண்ணாகத் தான் இருக்கவேண்டுமென்று புறப்படுகிறாள். ஊரின் மிகச்சிறந்த ஆட்டக்காரியும் அவள்தான். ஆட்டக்களத்தை நெருங்க நெருங்க அவள் இரத்தம் சூடேறுகிறது, ஓடுகிறாள். ஆனால் பெருநெருப்பின் வெளிச்சம் அவளை நிறுத்திவிடுகிறது. திரும்புகிறாள். மலையோடையைத் தனியே கடந்து, நான்கு மாதத்துக்கு முன் இருவருமாக வெட்டத் தொடங்கிய அவரைத் தோட்டத்துக்குப் போய் ஒரு கல்லின்மேல் உட்காருகிறாள். முற்றிவரும் அவரைக் காய்களிடையே அவளது விரல்கள் நெடுநேரம் அசைந்துகொண்டிருப்பதோடு கதை முடிகிறது.

3

ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் மூன்று விதமான வாசிப்புகள் தாமாகவே எழுவதைக் கண்டிருக்கிறேன்.

முதலாவது, ‘அவர்கள் அப்படித்தான்’ என்ற வாசிப்பு. மலைசாதியினர், சேவல் அறுத்துப் பலியிடுவோர், கபுன்யான் என்ற தெய்வத்தை நம்புவோர். ஆகவே இப்படியொரு கொடுமை நடக்கிறது என்பது. ஒரு மாணவர் இதனை ஜாஹிலிய்யாக் கால வழக்கம் என்றே குறிப்பிட்டார். இந்த வாசிப்பு வாசகனுக்கு மிகவும் சௌகரியமானது, ஏனென்றால் அது கதையை நம்மிடமிருந்து தூரத்தே வைத்துவிடுகிறது. இதையே அமெரிக்கர்களும் செய்தனர். 1904இல் சென் லூயிஸ் நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் இந்த மலைநாட்டு மக்களைக் கொண்டுபோய்ச் செயற்கைக் கிராமமொன்றில் குடியிருத்தி, சீட்டு வாங்கி வந்த கூட்டத்துக்கு வேடிக்கை காட்டினார்கள். நமது வாசிப்பும் அந்தக் கண்காட்சியின் நீட்சியாக இருக்கக்கூடாது என்பதை மாணவருக்குச் சொல்லியாக வேண்டும்.

இந்தத் தூரத்தைக் குறைத்தது எனது விளக்கமல்ல, ஒரு மாணவியின் கேள்விதான். அவியாவ் வீட்டைத் தருவதாகச் சொல்லும் இடத்தில் அவர் எழுந்து, ‘சேர், எங்கட ஊரில வீடு பெண்டபக்கம்தானே, அப்ப இறங்கிப் போகவேண்டியது அவர்தானே?’ என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. ஆனால் அந்தக் கேள்வியில் சமூகவியல் முழுவதும் இருந்தது. கிழக்கிலங்கையில் வீடு பெண்ணின் பெற்றோர் கட்டிக் கொடுப்பது. கலிங்கா கதையில் வீடு ஆண் கட்டியது. அப்படியிருந்தும் அவன் வீட்டையும் வயலையும் விட்டுக்கொடுக்கத் தயாராயிருக்கிறான். ‘நாகரிகமற்றவன்’ என்று சற்று முன்னர் தீர்ப்பளிக்கப்பட்டவன், விவாகரத்தின்போது கைக்கூலியையும் நகையையும் திருப்பிக் கொடுக்க ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கும் நம்மூர் மாப்பிள்ளைகளைவிட மரியாதையானவனாகத் தெரிந்தான். ஜாஹிலிய்யா என்ற சொல் அன்றைக்கு அதன் பிறகு வகுப்பில் வரவில்லை.

இரண்டாவது, பிரசார வாசிப்பு. பலதார மணத்தைக் கண்டிக்கும் கதை இது என்று ஒரே வரியில் முடித்துவிடுவது. பரீட்சைக் குறிப்புகளுக்குப் பழகிய மாணவர் இதனையே முதலில் எழுதுவர். கருப்பொருள்: பெண்ணடிமை, உத்தி: குறியீடு, பாத்திரவார்ப்பு: நன்று. கதை இவ்வளவுதானென்றால் அதை ஒரு சுவரொட்டியில் எழுதிவிட்டிருக்கலாம். முதலாவதாக, கதையில் நடப்பது பலதார மணமல்ல, பிரிவும் மறுமணமும். இரண்டாவதாக, இதில் வில்லன் இல்லை. அவியாவ் அவளை நேசிக்கிறான். ஆண்கள் தன் முதுகுக்குப் பின்னால் கேலிசெய்வதைத் தாங்கமாட்டாதவன் அவன்.

நான் மாணவரிடம் ஒரு சிறு பயிற்சி கொடுப்பதுண்டு. கதையில் யார் யார் வாய்திறந்து பேசுகிறார்கள் என்று பட்டியலிடுங்கள். விடை எல்லோரையும் யோசிக்க வைக்கும். அவியாவும் லும்னாயும் மாத்திரமே பேசுகிறார்கள். அவர்களைத் தவிர, வெளியிலிருந்து அவனைக் கூப்பிடும் ஒரு குரல். ஊர்ப் பெரியவர்கள் கதையில் ஓரிடத்திலும் முகங்காட்டுவதில்லை. சட்டத்துக்கு முகமில்லை, குரல் மாத்திரமே இருக்கிறது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆணாக இருப்பதற்குப் பிள்ளை வேண்டுமென்று இந்தச் சட்டம் ஏன் கேட்கிறது என்ற கேள்வி அவியாவின் மனதிலும் எழுகிறது, வாசலில் நிற்கும்போது. இது நியாயமில்லை என்ற கூக்குரல் லும்னாயிடமிருந்தும் எழுகிறது, அவன் போன பிறகு, ஊரே வெறிச்சோடிக் கிடக்கும்போது. இருவரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றனர். ஆனால் ஒருவர் கேட்பது மற்றவர் காதில் விழவில்லை. அவியாவ் அதை வாய்விட்டுச் சொல்லியிருந்தால், லும்னாய் அவன் போகமுன்னர் கத்தியிருந்தால் என்ன நடந்திருக்கும்? சட்டம் உயிரோடிருப்பது பெரியவர்களின் பலத்தினாலன்று, இந்த இரண்டு மௌனங்களின் இடைவெளியினால்தான். என்னளவில் கதையின் அரசியல் இதுவே. எந்தச் சுவரொட்டியும் இதைச் சொல்லாது.

மூன்றாவது, ‘பொறுமை’ வாசிப்பு. இதுவே மிகவும் ஆபத்தானது, காரணம் அது மிகுந்த அன்போடு வருவது. லும்னாய் சபூர் செய்தாள், தன் கணவனின் சந்தோஷத்துக்காக விட்டுக்கொடுத்தாள், அவள் உத்தமி என்று உருகி எழுதப்படும் ஒப்படைகள் ஒவ்வோர் ஆண்டும் கிடைக்கின்றன. சிலப்பதிகாரம் படித்த மாணவர் கண்ணகியோடு ஒப்பிடுகின்றனர். ஒப்பீடு தவறல்ல, ஆனால் அது காட்டுவது ஒற்றுமையையல்ல, வேற்றுமையை. கண்ணகி அரசவை வாசலைத் தாண்டி உள்ளே போனாள். லும்னாய் நெருப்பின் எல்லையில் நின்றுவிட்டாள். நியாயம் கேட்கப் புறப்பட்டவள் ஏன் நின்றாள் என்ற கேள்விக்குப் பொறுமை என்பது விடையாகாது. புறப்பட்டபோது அவளிடம் பொறுமை இருக்கவில்லை. அவளை நிறுத்தியது வெளிச்சம். யாரும் கண்டிருப்பார்களோ என்ற எண்ணம். இருட்டான வீட்டுக்குள் தன்னுடைய நியாயத்தை முழுமையாக உணர்ந்த ஒருத்திக்கு, எல்லோரும் பார்க்கும் வெளிச்சத்தில் அதை உணர முடியாமற் போகிறது. வெட்கத்துக்கு நாம் வைத்த நல்ல பெயர்களில் ஒன்று பொறுமை. இதை வகுப்பிற் சொன்னபோது பலர் தலைகுனிந்து எழுதிக்கொண்டிருந்தனர்; அதை உடன்பாடென்று எடுத்துக்கொள்ளலாமா என்பது வேறு விடயம்.

4

கதையைத் தமிழாக்கும்போது சந்தித்த இரண்டு பிரச்சினைகள் கதையை விளங்கிக்கொள்ளவே உதவின. ஆகவே அவற்றை மாணவர் முன்னும் வைப்பதுண்டு.

ஒன்று, முன்னிலைச் சொல். ஆங்கிலத்தில் இருவருக்கும் ஒரே சொல்தான். தமிழில் அப்படி எழுத முடியாது. லும்னாய் அவியாவை ‘நீ’ என்பதா, ‘நீங்கள்’ என்பதா என்று மொழிபெயர்ப்பாளன் முடிவெடுத்தே ஆகவேண்டும். நமது வீடுகளில் மனைவி கணவனின் பேரைச் சொல்வதில்லை; ‘இஞ்சாருங்க’ என்றோ ‘புள்ளட வாப்பா’ என்றோதான் கூப்பிடுவாள். பிள்ளையில்லாதவள் இரண்டாவதை எப்படிச் சொல்வாள் என்று ஒரு மாணவி கேட்டது எனக்கு மறக்கவில்லை. கூப்பிடுவதற்கான சொல்லே பிள்ளையின் வழியாகத்தான் கிடைக்கிறதென்றால் இந்தக் கதை எங்கே நடக்கிறது? மலைநாட்டில் மட்டுமா?

லும்னாய் அவன் பேரைச் சொல்லியே கூப்பிடுகிறாள், அதுவும் கதையின் முக்கியமான கணங்களில். ஆகவே இருபக்கமும் ‘நீ’ என்றே ஆக்கினேன். மாணவரில் ஒரு பகுதியினர் இதை ஏற்கவில்லை. ‘நீங்கள்’ என்று போட்டால்தான் அவளது துயரம் கூடுதலாகத் தெரியும் என்றனர். அவர்கள் சொன்னபடி ஒரு பக்கத்தை மாற்றி வாசித்துப் பார்த்தோம். துயரம் கூடியது உண்மை. ஆனால் கதை மாறிவிட்டது. எஜமானனால் கைவிடப்பட்டவளின் கதையாயிற்று. மூலம் அதுவல்ல. அது ஓடையைக் கைகோத்துக் கடந்த, மலையை ஒன்றாக வெட்டிய இரண்டு சமமானவர்களுக்கு நேர்ந்த கதை. சமமானவர்களுக்கிடையிலும் இது நேர்கிறது என்பதே அதன் கூர்மை.

மற்றது, ‘மலடி’ என்ற சொல். எனது தமிழாக்கத்தில் அந்தச் சொல் எங்குமே இல்லை. லும்னாய் தன்னை உதவாதவள் என்று சொல்கிறாள், அவ்வளவுதான். ஆனால் மாணவரின் ஒப்படைகளில் ‘மலடியான லும்னாய்’ என்ற தொடர் திரும்பத் திரும்ப வந்தது. அகராதியில் ‘மலடன்’ என்ற ஆண்பாலும் உண்டு. பேச்சில் அதை யாரும் கேட்டதில்லை. தமிழில் இந்தக் குறைக்கு ஒரு பால்தான் இருக்கிறது. எனவே சொல்லைப் போட்டவுடனேயே தீர்ப்பும் வந்துவிடுகிறது.

கதையோ தீர்ப்பளிக்க மறுக்கிறது. மதுலிமாய்க்குப் பிள்ளை கிடைக்குமென்று எப்படித் தெரியும், எவருக்குத்தான் தெரியும் என்று லும்னாய் கேட்கிறாள். அது வெறும் புலம்பலல்ல, நேரான தர்க்கம். குறை யாரிடத்தில் என்பது கதையில் எவருக்கும் தெரியாது. அவியாவுக்கே உள்ளூரச் சந்தேகமுண்டு. இந்த இரண்டாவது தடவையும் தோற்றால் உன்னிடமே திரும்பி வருவேன், இருவரும் ஒன்றாகச் சாவோம் என்கிறான். தோல்வி தன்னுடையதாகவும் இருக்கலாம் என்று அறிந்தவன் மாத்திரமே இப்படிப் பேசுவான். ஆயினும் சட்டம் அவனுக்கு இரண்டாவது வாய்ப்பைத் தருகிறது, அவளுக்கோ போய் ஆடு, யாராவது பார்த்து விரும்புவான் என்ற ஆலோசனையைத் தருகிறது. ‘மலடி’ என்று எழுதும் மாணவர் கதையின் மையக் கேள்வியை அழித்துவிட்டுத்தான் எழுதுகிறார். இதை விவாதித்த அன்று ஒரு மாணவி, நபிகளாரின் மனைவி ஆயிஷா (ரலி) அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கவில்லையே, அவர்களை இந்தச் சொல்லால் நினைக்க எவருக்கும் துணிவு வருமா என்று கேட்டார். பதில் சொல்ல அவசியமிருக்கவில்லை.

5

ஆசிரியர் பற்றிய தகவல்களை நான் கதையை வாசித்து முடித்த பின்னரே கொடுப்பதுண்டு. டாகியோ 1912இல் தாழ்நிலப் பிரதேசமான இலோகோஸ் நோர்ட்டேயில், லாவோக் என்ற ஊரிற் பிறந்தவர். அவர் கலிங்கா இனத்தவரல்லர். தந்தையார் அமெரிக்க ஆட்சி உருவாக்கிய காவற்படையில் அதிகாரியாக இருந்து கலிங்காப் பிரதேசத்தின் லுபுவாகனுக்கு அனுப்பப்பட்டதால், சிறுவயதில் அங்கே வளர்ந்தார். அங்கேயே பள்ளிக்கூடம் போனார். பின்னர் அங்கு ஆசிரியராகவும் இருந்தார். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் முதுமாணிப் படிப்பு படித்தபோது இஃபுகாவ் மக்களின் ‘ஹுத்ஹுத்’ என்ற அறுவடைக் காலக் காப்பியப் பாடலை மொழிபெயர்த்து ஆய்வாகச் சமர்ப்பித்தார். (யுனெஸ்கோ 2001இல் மனிதகுலத்தின் வாய்மொழி மரபுச் செல்வங்களில் ஒன்றாக அறிவித்தது அந்தப் பாடல் மரபைத்தான்.) ‘திருமண நடனம்’ 1953இல் அந்தப் பல்கலைக்கழகத்தின் சிறுகதைத் தொகுதியில் வெளிவந்தது.

ஆக, ஆட்சியாளரின் காவற்படைக்காரனுடைய மகன், ஆட்சியாளரின் மொழியில், ஆட்சியாளரின் நாட்டிலிருந்து எழுதிய கதை இது. அதற்காக இதைத் தள்ளிவிட வேண்டுமா? மாணவரிற் சிலர் அப்படிச் சொன்னதுண்டு. நான் உடன்படவில்லை. பாடலொன்றை மொழிபெயர்க்க அதன் மக்களோடு உட்கார்ந்து செவிகொடுத்தவர் வேடிக்கை பார்க்க வந்தவரல்லர். தணலை வெறுங்கையாற் கிளறும் விதம், பிளந்த மூங்கில் தரையைக் கட்டிய பிரம்பை லும்னாய் இழுத்து விடும்போது எழும் சிறு ஓசை, பெண் கேட்பதன் அடையாளமாக அவள் தகப்பன் வீட்டுப் படியில் அவியாவ் ஈட்டியை எறிந்த நினைவு – இவை தூரத்தில் நின்று எழுதியவை அல்ல.

எனினும் ஓரிடத்தில் அந்தத் தூரம் தெரியவே செய்கிறது. தோட்டத்தில் தனியே இருக்கும் லும்னாய்க்கு, தூரத்துக் கங்சாக்கள் தன்னைக் கேலிசெய்யவில்லை, தன் தியாகத்துக்கு நன்றி சொல்கின்றன என்று தோன்றுவதாக எழுதுகிறார். பொறுமை வாசிப்புக்கு ஆதாரம் கேட்டால் மாணவர் இந்த இடத்தையே எடுத்துக் காட்டுகின்றனர். அவர்களைக் குறைசொல்ல முடியாது. சற்று முன்னர் இது நியாயமில்லை என்று கத்தியவளின் காதில் அதே கங்சா நன்றிப் பாடலாக எப்படி ஒலிக்கும்? என்னுடைய அபிப்பிராயத்தில் அது லும்னாயின் காதல்ல, ஆசிரியரின் மனச்சாட்சி. அந்தப் பெண்ணை அப்படியே குளிரில் விட்டுவிட்டுப் போக அவருக்கு மனம் வரவில்லை. ஆறுதல் சொல்கிறார். ஆறுதல் சொல்பவர் எப்போதும் சட்டத்தின் பக்கத்தில்தான் போய் நிற்கவேண்டியிருக்கிறது.

அதிர்ஷ்டவசமாகக் கதை அங்கே முடியவில்லை. அவரைத் தோட்டத்தில் முடிகிறது. அவரை இந்தக் கதையில் முதல் தடவையாக வரும் பொருளல்ல. அவரை நடுவதில் மதுலிமாய் உன்னளவு கெட்டிக்காரியல்ல என்று அவியாவ் முன்னரே சொல்லியிருக்கிறான். வீடு வேண்டாம், வயதான பெற்றோருக்கு அவரை நடவும் நெல்லுக் குற்றவும் ஆள்வேண்டும், அங்கே போகிறேன் என்று லும்னாயும் சொல்லியிருக்கிறாள். கடைசியில் அவள் நட்ட அவரையே பூத்துக் காய்த்து அவளைச் சூழ்ந்து நிற்கிறது. விளைச்சலற்றவள் என்று ஊர் ஒதுக்கிய ஒருத்தியின் கைபட்டு மலை விளைந்திருக்கிறது. வாடும் பூவின் நடுவிலிருந்து காய் நீண்டுகொண்டே போகிறது. இது அவளுக்கு ஆறுதலா, அல்லது இன்னுமொரு வேதனையா என்று கதை சொல்லவில்லை. இரண்டுமாக இருக்கலாம். நன்றி சொல்லும் கங்சாவைவிட எதுவுமே சொல்லாத இந்த விரல்கள் உண்மையானவை. ஒரு கதை தன் ஆசிரியரின் ஆறுதலையும் மீறிச் செல்லும் என்பதற்கு மாணவருக்குக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் என்னிடமில்லை.

6

கதை வெளிவந்த காலத்தையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். பிலிப்பைன்ஸில் 1950இல் நடைமுறைக்கு வந்த குடியியற் சட்டக்கோவை முழுமையான விவாகரத்தை ஒழித்துவிட்டது. முஸ்லிம்களுக்கு மாத்திரம் விலக்கிருந்தது. 1977ஆம் ஆண்டின் முஸ்லிம் ஆள்சார் சட்டக்கோவை தலாக்கையும் பஸ்ஹையும் முறைப்படுத்தியது. ஆகவே மணிலாவில் ஒரு கத்தோலிக்க மாணவி இந்தக் கதையைப் படிக்கையில், பிரிந்துபோக வழியுள்ள ஒரு சமூகத்தின் கதையாகவும் அது அவளுக்குத் தோன்றலாம். நமது மாணவிக்கு அப்படியல்ல. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம், இன்னொரு மணம் முடிக்கும் கணவன் காதியாருக்கு முன்னறிவித்தல் கொடுக்கவேண்டுமென்றது. இருக்கிற மனைவியின் சம்மதத்தைக் கேட்கவில்லை. சட்டத்தைத் திருத்துவதற்கு 2009இல் அமைக்கப்பட்ட சலீம் மர்சூப் குழு தனது அறிக்கையை 2018இல் கையளித்தது. குழுவினரே ஒருமித்து நிற்காத விடயங்கள் பல. இவை பற்றி நம் சஞ்சிகைகளில் நிறையவே எழுதப்பட்டுவிட்டது. அந்த விவாதத்துக்குள் நான் இங்கு போகவில்லை. நான் சொல்வது இதுதான்: லும்னாயின் சட்டம் எழுதாதது, நம்முடையது எழுதப்பட்டது, ஆனால் பிள்ளையில்லாத ஒருத்தியிடம் உறவுக்காரர் வந்து மெதுவாகக் கதைக்கும் அந்தக் கதை இரண்டிலுமே எழுதப்படவில்லை. அது எல்லா ஊரிலும் எழுதாத சட்டமே.

இதனால்தான் இந்தக் கதையை வகுப்பில் வைத்து மாணவரை ‘உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள்’ என்று நான் கேட்பதில்லை. சில ஆசிரியர்கள் அதை நவீனக் கற்பித்தல் என்கின்றனர். என்னைப் பொறுத்தவரை அது லும்னாயைப் பெருநெருப்பின் வெளிச்சத்துக்குள் பிடித்துத் தள்ளுவதற்குச் சமம். தூரத்து மலையொன்றின் கதை ஒருத்திக்குத் தரும் பெரிய உதவியே, தன்னைப் பற்றி வாய்திறக்காமல் தன்னைப் பற்றி யோசிக்க இடங்கொடுப்பதுதான். எழுத விரும்பியவர் கதையைப் பற்றியே எழுதட்டும்.

அப்படி எழுதப்பட்ட ஓர் ஒப்படையைக் குறிப்பிட்டாக வேண்டும். அந்த மாணவி லும்னாயை விட்டுவிட்டு மதுலிமாயைப் பற்றி எழுதியிருந்தார். கதையில் ஒரு வார்த்தையும் பேசாத, எல்லோராலும் மறக்கப்பட்ட புதுப்பெண். இன்றிரவு அவளுக்காக ஊரே ஆடுகிறது. ஆனால் மாப்பிள்ளையைக் களத்திற் காணவில்லை, எங்கே போயிருக்கிறான் என்பதும் அவளுக்குத் தெரியும். நாளையிலிருந்து அவள் எண்ணத் தொடங்கவேண்டும், ஒன்று, இரண்டு என்று அறுவடைகளை. ஏழுக்குள் நடக்காவிட்டால் அவளுக்காகவும் ஒரு கல்யாண மேளம் கேட்கும், அவளில்லாமல். இரண்டு பெண்களும் எதிரிகளல்லர், ஒரே வரிசையில் நிற்பவர்கள் என்று அந்த மாணவி முடித்திருந்தார். கதையைப் பற்றி நான் வாசித்த ஆங்கிலக் கட்டுரைகள் சிலவற்றைவிட அது நல்ல விமர்சனம்.

நமது சஞ்சிகைகள் பிலிப்பைன்ஸ், இந்தோனேசிய, மலேசியக் கதைகளுக்குச் சற்று இடங்கொடுக்க வேண்டும். அது ‘உலக இலக்கியம்’ என்ற பெரிய பேருக்காகவல்ல. அரபும் பாரசீகமும் நமக்கு மார்க்கத்தின் வழியாகவும், ஆங்கிலமும் ருஷ்யமும் கல்வி, அரசியலின் வழியாகவும் வந்தன. இந்தக் கிழக்கு நாடுகளின் கதைகளோ குடும்பத்தின் வழியாக வரக்கூடியவை. பெரியவர்களின் சொல், ஊர்வாய், பெண்ணின் வெட்கம், ஆணின் மானம் என்று நம் கதைகள் எதைப் பற்றியெல்லாம் சுற்றிவருகின்றனவோ அவையெல்லாம் அங்கும் உண்டு. ஆனால் அந்த எழுத்தாளர்கள் நாம் கேட்கத் தயங்கும் கேள்விகளைத் தயங்காமல் கேட்டிருக்கிறார்கள். குறை யாரிடத்தில் என்று எவருக்குத் தெரியும் என்ற லும்னாயின் கேள்வி 1953இல் அச்சேறியது. பெரியவர்களிடம் அதை அவள் கேட்கவில்லை. நம்மிடம் கேட்டிருக்கிறாள், தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் ஒரு சமூகம் அவளைத் தோட்டத்துக்கு அனுப்பமாட்டாது.